முதல் வரியில் துப்பாக்கி

விவேக் நகரில் போனில் அவரைப் போலப் பொய் சொல்லும் ஆளை நான் பார்த்ததில்லை. "அல்சூர் சிக்னல்ல நிக்கிறேன் சார், அஞ்சே நிமிஷம்" என்பார். எதிர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன். அவர் கால் மேசைக்கடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். "இங்க மழ கொட்டுது சார், வண்டியே கெடைக்கல" என்பார். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். போனை வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி "நீங்க சொல்லுங்க" என்று என் பக்கம் திரும்புவார். கொஞ்சங்கூட வெட்கம் கிடையாது அந்த அம்மாவுக்கு.

ஆனால் பேனாவைக் கையில் எடுத்துவிட்டால் அவர் வேறு ஆள்.

அவர் செய்தது ஏஜென்ட் வேலை. வெளிநாட்டிலிருந்து வரும் சாமான் கஸ்டம்ஸில் நின்றால், அதற்கு வேண்டிய காகிதங்களை எழுதிக் கொடுத்து வெளியே எடுத்துத் தருவார். ஒரு பேக்கரிக்கு மேலே ஒற்றை அறை ஆபீஸ். பூத்துண்டு போர்த்திய பிரின்டர், இரண்டு நாற்காலி, நாள் முழுக்க மேலே ஏறி வரும் பன் வாசனை. அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சார் என்பார். கடைசிவரை அப்படியேதான். பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால், எந்த ஊரில் இருந்தாலும் வந்து இந்தக் கட்டுரையின் முதல் வரியைத் திருத்தச் சொல்வார்.

ஏனென்றால் அவருடைய வழக்கமே முதல் வரிதான். எந்தக் காகிதமாக இருந்தாலும், அதில் எது மிக மோசமான விஷயமோ அதை முதல் வரியில் எழுதிவிடுவார். நல்லதெல்லாம் இரண்டாவது வரியிலிருந்துதான். ஒருவர் பழைய அச்சு மெஷின் ஒன்று வரவழைத்திருந்தார். "இந்த மெஷின் பழையது, இடது பக்கம் துருப்பிடித்திருக்கிறது" என்று ஆரம்பித்தார் இவர். மெஷின்காரர் கெஞ்சினார்.

"மேடம், துருவப் பத்தி நாமளே எதுக்கு சொல்லணும்?"

"தொறந்து பாக்கப் போறாங்க இல்ல? அவங்க கண்டுபிடிச்சா அது குத்தம். நாம சொன்னா அது தகவல்."

மோசமான விஷயம் எது என்று கண்டுபிடிக்கவும் அவரிடம் ஒரு முறை இருந்தது. படிக்கட்டில் நின்று, "அண்ணா, ஒரு நிமிஷம் மேல வாங்க" என்று பேக்கரிக்காரரைக் கூப்பிடுவார். அவர் கையில் மைதாவோடு ஏறி வருவார். மேடம் சாமானின் படத்தைப் போனில் கண் சிமிட்டும் நேரம் காட்டிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்து, "என்னா அது?" என்று கேட்பார். பேக்கரிக்காரர் வாயில் முதலில் என்ன வருகிறதோ அதுதான் முதல் வரி. வருடக்கணக்கில் இந்த வேலை பார்த்துப் பார்த்து, பேக்கரிக்காரரும் தன்னை ஒரு ஆபீசராகவே நினைத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கையைக்கூடக் கழுவாமல் ஓடி வருவார்.

இனி நான் அவரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். நான் நீலசந்திராவில் பிறந்தவன். ரிங் ரோட்டில் ஒரு ஐ.டி. கம்பெனி வளாகத்தில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். பட்டாளத்தில் சேரப் போனபோது கண் பார்வை சரியில்லை என்று தள்ளிவிட்டார்கள். அந்த ஆசை மட்டும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹொஸ்கோட்டே தாண்டி ஒரு தோப்பில் நாலைந்து பேர் சேர்ந்து ஏர்சாஃப்ட் விளையாடுவோம். அசல் துப்பாக்கியின் அச்சு அசலான நகல். குண்டுக்குப் பதில் பட்டாணி அளவு பிளாஸ்டிக் உருண்டை. கண்ணுக்குக் கண்ணாடி, முகத்துக்கு மூடி போட்டுக்கொண்டு மரத்துக்கு மரம் ஒளிந்து சுட்டுக்கொள்வோம். நாற்பது வயதில் இதெல்லாம் தேவையா என்று என் மனைவி கேட்டாள். தேவைதான்.

எத்தனை நாள் இன்னொருத்தன் துப்பாக்கியை இரவல் வாங்குவது? ஒரு வெளிநாட்டுக் கடையில் இரண்டு நகல் துப்பாக்கிக்கு ஆர்டர் போட்டேன். அப்போது செய்தேன் அந்தப் புத்திசாலித்தனத்தை. கூட விளையாடும் ஒருவன், "பொம்மன்னு எழுதச் சொல்லு குரு, அலுங்காம வந்துரும்" என்றான். ஆர்டரில் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருந்தது. அதில் 'பெட்டிமேல் பொம்மை என்று எழுதவும்' என்று தட்டிவிட்டேன்.

பெட்டி ஏர்போர்ட்டிலேயே நின்றது. நோட்டீஸ் வந்தது. பொம்மை என்று எழுதிய பெட்டிக்குள் துப்பாக்கி உருவத்தில் இரண்டு பொருள்கள் உள்ளன, எழுத்தில் விளக்கம் தந்து நேரில் வரவும்.

எங்கள் வேலையில் வருடா வருடம் போலீஸ் சான்றிதழ் வேண்டும். இந்த ஆள்மேல் வழக்கு ஏதும் இல்லை என்று அதில் இருக்க வேண்டும். துப்பாக்கி என்ற சொல்லும் என் பேரும் ஒரே வழக்கில் சேர்ந்து வந்தால், அன்றைக்கே யூனிஃபார்மைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பதினாறு வருட வேலை. சான்றிதழைப் புதுப்பிக்க அந்த மாதக் கடைசிவரைதான் நேரம் இருந்தது. எவனோ சொல்லி, பேக்கரி மாடிப்படி ஏறினேன்.

"பெட்டியில என்னா இருக்குது சார்?"

"பொம்ம மேடம்."

"பேச்சுக்குக் கேக்கல. எழுதறதுக்குக் கேக்கறேன்."

"துப்பாக்கி மாதிரி மேடம். ஆனா துப்பாக்கி இல்ல."

படத்தைக் காட்டினேன். பேக்கரிக்காரரைக் கூப்பிட்டார். அவர் வந்து பார்த்தார். போன் கவிழ்ந்தது. "துப்பாக்கி மேடம்" என்றவர், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு படி கீழே இறங்கி நின்றார். அந்தப் படி இறங்கினதையும் மேடம் குறித்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது.

"பொம்மன்ற வார்த்தைய யார் போட்டது?"

"கடைக்காரன் போட்டிருப்பான் மேடம். நமக்கு இன்னா தெரியும்?"

பேனாவை மூடி வைத்தார். "இது சும்மா சொல்றதா, எழுதறதுக்கா?"

நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. போனில் யாரிடமோ தான் பனசங்கரியில் இருப்பதாக ஒரு பொய் சொல்லி முடித்தார். அதற்குள் எனக்குத் தாங்கவில்லை. குறிப்புக் கட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

"அப்ப அதான் முதல் வரி" என்றார். "பெட்டிமேல் பொம்மை என்று எழுதச் சொன்னது நான்தான். அதுக்கப்புறம் மத்தது. இது என்னா, எதுக்கு வாங்கினீங்க, எங்க வெளையாடறீங்க, யாராரு வர்றாங்க, எல்லாம் எழுதலாம்."

எனக்கு வந்ததே கோபம். "நானே வாயக் குடுத்து மாட்டிக்கணுமா மேடம்? என் வேலய யாரு குடுப்பாங்க, நீங்களா?" என்று கத்திவிட்டு நோட்டீசைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினேன். பேக்கரிக்காரர் அப்போதும் கொஞ்சம் ஒதுங்கித்தான் வழி விட்டார்.

நேராக அல்சூரில் இன்னொரு ஏஜென்டிடம் போனேன். அவர் சிரித்தே பேசினார். "கடைக்காரன் தப்புன்னு எழுதிடலாம், சிம்பிள்." பத்து நிமிஷத்தில் கடிதம் ரெடி. 'பெட்டிமேல் என்ன எழுதப்பட்டது என்பது எனக்குத் தெரியாது.' பைக்குள் வைத்துக்கொண்டேன். கொடுக்க மட்டும் மனசு வரவில்லை. என் நியாயம் கியாயம் ஒன்றுமில்லை, என் தொழில்தான் காரணம். பதினாறு வருடமாக கேட்டில் நிற்கிறேன். பையில் என்ன என்று கேட்டால், "தெரியாது சார், வீட்டுல குடுத்தாங்க" என்பான் ஒருவன். அந்தத் 'தெரியாது'வைக் கேட்ட உடனே நான் பையைத் திறக்கச் சொல்வேன். கஸ்டம்ஸ் ஆபீசரும் என் ஜாதிதானே, பெரிய கேட் அவ்வளவுதான் என்று தோன்றியது. மூன்றாம் நாள் திரும்பவும் மாடிப்படி ஏறினேன்.

அவர் சொல்லிக்காட்டவில்லை. "வாங்க சார்" என்று நாற்காலியில் கிடந்த பைலை எடுத்தார். அவ்வளவுதான்.

கடிதம் தயாராகும் நாட்களில் அங்கே போய் உட்காருவது பழக்கமாகிவிட்டது. என்ன சுவாரசியம் என்று கேட்டால், இந்த மனுஷி ஏன் இப்படி என்பதுதான். பேக்கரி மாடியிலேயே ஒரு வீடு காலியாக இருந்தது. வீட்டுக்காரர் இவரிடம் 'வாடகைக்கு' போர்டு எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தார். 'மழைக்குச் சமையலறை ஒழுகும். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். வீடு வாடகைக்கு.' வீட்டுக்காரர் அதை அங்கேயே நான்காகக் கிழித்தார். இவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வேற யார்கிட்டயாவது எழுதி வாங்கிக்கங்க அண்ணா" என்று பேனாவை நீட்டினார்.

சிரிக்கிற மாதிரி மட்டும் இல்லை. தன் அக்கா மகளுக்கு வரன் பார்க்க ஜாதகக் குறிப்பு மாதிரி ஒரு தாள் எழுதித் தந்திருக்கிறார். முதல் வரியே, 'பெண்ணுக்குச் சிறுவயதில் வலிப்பு இருந்தது. இப்போது மருந்து இல்லை.' இரண்டு இடம் தட்டிப் போனது. அக்கா வீட்டு வாசலிலேயே வைத்துத் திட்டி அனுப்பியிருக்கிறாள். பிறகு வேறு ஆளை வைத்து வேறு தாள் எழுதினார்கள். அதில் அந்த வரி இல்லை. கல்யாணம் நடந்தது. பெண் ஒசூரில் குழந்தையோடு நன்றாகத்தான் இருக்கிறாள். அக்கா இவரோடு பேச்சை நிறுத்தியதோடு சரி. இதைச் சொன்னது பேக்கரிக்காரர். நான் சும்மா இருக்காமல் மேடத்திடமே கேட்டேன்.

"நீங்க எழுதினதையே காட்டிட்டிருந்தா அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமே ஆகியிருக்காது இல்ல மேடம்?"

"ஆகியிருக்காது" என்றார். கையிலிருந்த பைலை ஓரமாக வைத்துவிட்டு, "நல்லா இருக்கட்டும் சார்" என்றார். அன்றைக்கு அதற்கு மேல் வேலை ஓடவில்லை. கேட்டிருக்க வேண்டாம் என்று எனக்கே பட்டது.

ஏன் இப்படி என்று நான் கேட்காத நாள் இல்லை. பதில் சொல்லாமலும் இருக்க மாட்டார். தன் அப்பா தந்தி ஆபீசில் இருந்தார், கெட்ட செய்தியை முதலில் சொல்லிப் பழகினவர் என்று என்னிடம் சொன்னார். கான்வென்ட்டில் ஒரு சிஸ்டர் நூறு தடவை இம்போசிஷன் எழுத வைத்தாள், அதிலிருந்து வந்த பழக்கம் என்று பேக்கரிக்காரரிடம் சொல்லியிருக்கிறார். தெரு முனை ஆட்டோக்காரரிடம், வியாழக்கிழமை கூட்டம் நெரியும் கிறிஸ்தவக் கோயிலில் வேண்டிக்கொண்ட பொருத்தனை என்றாராம். ஆட்டோக்காரர் கணக்குப்படி இவருடைய அப்பா கோலார் சுரங்கத்தில் இருந்தவர். நாங்கள் மூன்று பேரும் ஒருநாள் டீ குடித்துக்கொண்டே இதைப் பேசிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மூன்றும் வாயால் சொன்னவை. அந்த வாயிலிருந்து வருவதை எவன் நம்புவது?

நேரில் போக வேண்டிய நாளும் வந்தது. ஏர்போர்ட் கார்கோ பக்கம், வரிசையாக மேசைகள் போட்ட ஒரு ஹால். ஆபீசர் எங்களைவிட வயதில் சின்னவர், கன்னடக்காரர். மேடம் இரண்டு தாள்களைக் கொடுத்தார். மேலே இருந்தது என் கடிதம், நான் கையெழுத்துப் போட்டது. கீழே இருந்ததை ஏஜென்ட் வைக்க வேண்டிய வழக்கமான முகப்புத் தாள் என்று நான் நினைத்திருந்தேன்.

ஆபீசர் என் கடிதத்தின் முதல் வரியைப் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தன் பைலைத் திறந்து ஒரு சின்னச் சீட்டை எடுத்து என் கடிதத்தின் பக்கத்தில் வைத்தார். கடைக்காரன் பெட்டிக்குள் போட்டிருந்த சீட்டு. வாங்கியவர் குறிப்பு என்று தலைப்பிட்டு, நான் தட்டிய வரியை எழுத்துப் பிசகாமல் அச்சடித்து வைத்திருந்தான் அந்தப் புண்ணியவான். பெட்டிமேல் பொம்மை என்று எழுதவும், நன்றி. நன்றி வேறு சொல்லியிருக்கிறேன்.

அல்சூர்க்காரர் எழுதிய 'எனக்குத் தெரியாது' கடிதம் அந்த நேரத்தில் என் வீட்டு அலமாரியில் இருந்தது. அது இந்த மேசைக்கு வந்திருந்தால், நான் பொய்யன் என்று அந்தச் சீட்டே சொல்லியிருக்கும்.

ஆபீசர் இரண்டாவது தாளை எடுத்தார். மேசைக்கு எதிர்ப்புறம் நான். கேட்டில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு வித்தை உண்டு. வருகிறவர்கள் ரிஜிஸ்தரில் எழுத எழுத, இந்தப் பக்கம் நின்று தலைகீழாகப் படித்துவிடுவோம். அந்தத் தாளையும் அப்படித்தான் படித்தேன். ஆங்கிலத்தில் இருந்ததை என் தமிழில் சொல்கிறேன்.

'பல வருடங்களுக்கு முன் இதே போன்ற ஒரு பொருளைக் குழந்தைகள் பொம்மை என்று எழுதி உங்கள் அலுவலகத்தில் கொடுத்தவள் நான். அந்த வார்த்தை என்னுடையது. வாங்கியவருக்கு அது தெரியாது. வழக்கு அவர்மேல் வந்தது, அவர் வேலை போயிற்று. என் லைசென்ஸ் சில மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது, பிறகு திரும்பக் கிடைத்தது. அவர் வேலை கிடைக்கவில்லை. அதனால் இந்த முறை பொருளின் படம், விவரம் எல்லாவற்றையும் நானே பார்த்து, இவரிடம் கேட்டு எழுதியிருக்கிறேன்.'

ஆபீசர் இரண்டு தடவை படித்தார். அந்தப் பழைய விஷயம் அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. அவர் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார்.

"இது பேக்கித்தா மேடம்?" என்றார். இதெல்லாம் எழுத வேண்டியிருந்ததா என்று கேட்கிறார்.

"பர்தாய்த்து சார்" என்றார் இவர். எழுதியாகிவிட்டது என்று.

அந்தக் கன்னடச் சொல்லைப் பொய் சொல்லும் குரலில் அவர் சொல்லவில்லை. அதை நான் நன்றாகக் கவனித்தேன்.

முடிவு எழுத்தில் வந்தது. இரண்டு துப்பாக்கியும் கடைக்காரனுக்கே திரும்பிப் போகும். எனக்கு ஒரு எச்சரிக்கை. வழக்கு இல்லை. இன்னொரு தடவை ஆசைப்பட்டால், ஆர்டர் போட்டுவிட்டு எங்களிடம் வராதே, எங்களிடம் எழுதிக் கேட்டுவிட்டு ஆர்டர் போடு என்று ஆபீசர் எனக்குச் சொன்னார். மாதக் கடைசியில் போலீஸ் சான்றிதழும் சுத்தமாக வந்தது. யூனிஃபார்ம் இன்றைக்கும் என் உடம்பில்தான் இருக்கிறது.

அந்த வருடமே அப்படி எழுதிக் கேட்டு ஒன்று வாங்கினேன். விண்ணப்பத்தின் முதல் வரி, 'இதன் படத்தைப் பார்த்தவர் உண்மைத் துப்பாக்கி என்று நினைத்து ஒரு படி கீழே இறங்கினார்.' கேட்ட காகிதம் ஒவ்வொன்றையும் கொடுத்தோம், வாரக்கணக்கில் காத்திருந்தோம். பிறகு கடைக்கு எழுதி, பெட்டிமேலும் இன்வாய்ஸிலும் இருப்பதை இருப்பதாகவே போட வைத்தோம். ஒரு கேள்வி இல்லாமல் வந்து சேர்ந்தது. தோப்புக்குக் கொண்டுபோகும்போது அந்தக் காகிதங்களின் நகலையும் பையிலேயே வைத்திருப்பேன்.

அவர் இப்போது விவேக் நகரில் இல்லை. அந்த அறையில் போன் கவர் விற்கிறார்கள். மைசூருக்குப் போகிறேன் என்று பேக்கரிக்காரரிடமும், கோயம்புத்தூர் என்று என்னிடமும் சொன்னார். ஆட்டோக்காரரிடம் என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்றைக்கு ஏர்போர்ட்டிலிருந்து பஸ்ஸில் திரும்பி வந்தோம். தப்பித்த சந்தோஷத்தில் நான் துள்ளியிருக்க வேண்டும், ஆனால் அந்தத் தாள்தான் கண்ணுக்குள் நின்றது. என் ஒருவனுடைய வேலைக்காக, யாரும் கேட்காத ஒன்றைத் தன் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார். ஹெப்பாள் நெருங்கும்போது அவர் பக்கம் திரும்பினேன்.

"மேடம், நீங்க எழுதினத தலகீழா படிச்சுட்டேன்" என்றேன்.

"ம்."

"அது நெஜமா?"

"ஐயோ, அதெல்லாம் சும்மா சார். ஒரு வெய்ட்டுக்கு எழுதினேன். ஆபீசர் கொஞ்சம் எரங்குவாரு இல்ல?" என்று சிரித்தார்.

அதற்குள் அவர் போன் அடித்தது. எடுத்தார். "ஹலோ, ஆபீஸ்லதான் இருக்கேன், மேல வாங்க" என்றார். பஸ் ஹெப்பாள் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. போனை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் ஒரு தடவை மூக்கைத் துடைத்தார்.

"சரி மேடம்" என்று மட்டும் சொன்னேன். ஜன்னல் ஓரம் நான்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து அந்த இடத்தை அவருக்கு விட்டுக் கொடுத்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார், விவேக் நகர் வரும்வரை நான் அவர் பக்கம் திரும்பவில்லை.